சுலோச்சன முதலியார் பாலம்: கரிசல் கரையிலிருந்து ஒரு பார்வை

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு சார்ந்த கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் பணித்தபோது, என் மனம் முதலில் சென்று நின்ற இடம் வைப்பாற்று மணல். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றிச் சாத்தூரைத் தொட்டு, இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, விளாத்திகுளத்தை ஒட்டி வந்து மன்னார் வளைகுடாவில் விழும் இந்த ஆறு, ஆண்டில் பெரும்பகுதி நாள் ஆறாக இருப்பதில்லை. வெயிலில் வெளுத்த மணலும், இப்போது மணலினும் மிகுந்துவிட்ட சீமைக்கருவேலும்தான் அதன் உடைமை. இத்தகைய ஆற்றுக்குப் பாலம் எதற்கு என்று நஞ்சைச் சீமைக்காரர்கள் கேட்பதுண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மேற்கே எங்கோ பெய்த மழை, இங்கே வானம் வெறித்துக் கிடக்கும் வேளையில் செந்நீராய் வந்து இறங்கும். பருத்திப் பொதியோ வற்றல் மூட்டையோ ஏற்றிய வண்டி கரையில் நிற்கும். மாடுகள் அசை போடும். வண்டிக்காரர் பீடி பற்றவைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். வற்றாத ஆற்றின் கரையில் இருப்பவன் தோணி வைத்துக்கொள்வான். வறண்ட ஆற்றின் கரையில் இருப்பவனுக்குத் தோணியும் கிடையாது. ஆகவே பாலத்தின் அருமை அவனுக்குச் சற்று அதிகமாகவே தெரியும்.

எனினும் நான் எழுதப்போவது வைப்பாற்றின் பாலத்தைப் பற்றி அன்று. பழைய திருநெல்வேலிச் சீமையில் ஆற்றுப் பாலம் என்று சொன்ன மாத்திரத்தில் முதியோர் நினைவில் எழுவது ஒன்றே ஒன்று: தாமிரபரணியின் குறுக்கே, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம். 1986 அக்டோபரில் தனி மாவட்டம் அமையும்வரை விளாத்திகுளத்துக்கும் தலைநகர் திருநெல்வேலிதான். பயிர் கருகியது, கண்மாய் உடைந்தது, பட்டாவில் பெயர் மாறிவிட்டது என எந்தக் குறையைச் சொல்வதாயினும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்துக்கே செல்லவேண்டும். திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கிய கரிசல்காரர் இந்தப் பாலத்தைக் கடந்தே தம் மனுவைக் கொடுத்தார். ஆகவே அதன் வரலாறு நமக்கும் உரியது. அவ்வரலாற்றில் நம் மண்ணின் பழைய புண் ஒன்றும் மறைந்திருக்கிறது. நான் எழுத வந்ததற்கு அதுவும் காரணம்.

முதலில் பாலம் எழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரட்டை ஊர்களாக விளங்கின திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும். ஆற்றின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலும் தேரோடும் வீதிகளும் கடைத்தெருவும். மறுகரையில் கோட்டையும் படையும் சமயப் பணியாளர்தம் பள்ளிகளும். அந்தக் கரையின் ஓரமாகவே, நீர்த்துறையை ஒட்டி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரி. வணிகம் ஒரு கரையில், அதிகாரம் மறுகரையில். இரண்டுக்கும் நடுவே வற்றாத பொருநை. கோடையில் இறங்கி நடக்கலாம். நீர் பெருகினால் தோணிதான். தோணித்துறையில் யார் முதலில் ஏறுவது என்பதில் தினமும் சச்சரவு. கச்சேரிக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டியவர், சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறவர், பிணியாளர், பிள்ளைத்தாய்ச்சி எல்லோருக்கும் அவசரம். தோணி நடத்துகிறவருக்கு மட்டும் அவசரமில்லை. காத்திருப்பவர் கூடக்கூடக் கூலியும் கூடும் என்பது உலக வழக்கு.

1840-இல் கலெக்டராக வந்தவர் இ.பி. தாம்சன். தோணித்துறைக் கலகங்களின் செய்தி அவர் செவிக்கு எட்டவே, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அதிகாரிகளைக் கூட்டி ஆலோசித்தார் என்றும், பாலம் ஒன்றே வழி என்ற முடிவு அங்கே எட்டப்பட்டது என்றும் நெல்லை வரலாற்றை எழுதியோர் கூறுவர். கேப்டன் பேபர், ஹார்ஸ்லி ஆகிய பொறியாளர்களின் பெயர்கள் இதில் இணைத்துப் பேசப்படுகின்றன. வரைபடம் ஆயத்தமாயிற்று. நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. அறுபதறுபது அடியில் பதினொரு வளைவுகள். மதிப்பீடு ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய்.

ஈண்டு ஒரு சிறு கணக்கு. பதினொரு வளைவுகளுக்கு 660 அடி போயிற்று. எஞ்சிய நூறடியில்தான் இடைத்தூண்கள் அத்தனையும் அடங்கவேண்டும். பதினொரு வளைவுக்கு நடுவே பத்துத் தூண்கள் எனில், தூண் ஒன்றுக்குப் பத்தடி கிடைக்கும். ஆற்றுக்கு ஆறு பங்கு விட்டுத் தனக்கு ஒரு பங்கை வைத்துக்கொண்ட கட்டடம் அது. அணை ஆற்றை மறிக்கும்; பாலம் மறிக்கலாகாது. நம் மக்கள் பாலத்தின் வளைவைக் ‘கண்’ என்றே சொல்வார்கள். செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் இருப்புப் பாதையில், ஆரியங்காவு மலையடிவாரத்தில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மதகுக்கும் கண், பாலத்துக்கும் கண். நீர் வெளிவரும் இடத்தைக் கண் என்று சொன்ன மக்கள் கவிஞர்கள் இல்லையென்றால் வேறு யார்?

வளைவு என்பது எளிய, ஆனால் துணிவான அமைப்பு. மரச்சாரத்தின் மேல் கற்களை இருபுறமிருந்தும் அடுக்கி வருவார்கள். உச்சியில் நடுக்கல் பொருந்தும் வரையில் எடை முழுவதும் சாரத்தின் மேல்தான். நடுக்கல் இறங்கியபின் சாரத்தைப் பிரித்துவிடலாம். அப்போது ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின்மேல் சாய்ந்து, அதனை நெருக்கி, அதனாலேயே விழாமல் நிற்கும். மேலே பாரம் ஏறினால் பிணைப்பு இறுகுமே ஒழிய இளகாது. வளைவுக்குப் பகை மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. தூணின் அடியில் சுழித்து ஓடும் நீர் மணலை அரித்துக் குழி பறித்தால் தூண் இறங்கும். தூண் ஓரங்குலம் இறங்கினாலும் வளைவு பிளக்கும். ஆழங்காண முடியாத ஆற்றுமணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே தாங்கள் கற்றதாக, 1836-இல் கொள்ளிடத்தில் அணைகள் எழுப்பிய ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு ஏழாண்டுக்குப் பின் எழுந்தது நெல்லைப் பாலம்.

இனிப் பணத்துக்கு வருவோம். திட்டம் ஆயிற்று, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு எங்கே போவது? கம்பெனி அரசு வரி வாங்குவதில் காட்டிய விரைவைச் செலவு செய்வதில் காட்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் நன்கொடை திரட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்பொறுப்பு கலெக்டர் கச்சேரியின் சிரஸ்தாரான சுலோச்சன முதலியாரிடம் வந்தது. அவர் யாரிடமும் கையேந்தாமல் முழுச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார். அவருடைய துணைவியார் வடிவாம்பாள் தம் நகைகளைக் கழற்றித் தந்தார் என்பதும் நெல்லையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. 1843 நவம்பர் 27 அன்று பாலம் திறக்கப்பட்டது. கார்த்திகை மாதம், ஆறு பெருகும் பருவம். கலெக்டர் முதலியாரை முன்னே நடக்கவிட்டுத் தாம் பின்னே நடந்தார் என்று சொல்வார்கள். வெள்ளைத் துரை ஒருவர் இந்தியருக்குப் பின் நடந்த காட்சியை ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறது. பாலத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

சிரஸ்தார் என்பவர் கலெக்டர் கச்சேரியின் இந்திய ஊழியர்களில் தலையாயவர். நிலவரிக் கணக்கு முழுவதும் அவர் கையில். மொழி தெரியாத துரைக்குக் கண்ணும் காதும் அவரே. சென்னை மாகாணத்து நிர்வாக வரலாற்றை ஆராய்ந்தவர்கள், அந்நாளில் சிரஸ்தார்கள் கலெக்டர்களையும் விஞ்சிய செல்வாக்கோடு இருந்ததை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஓர் அரசு ஊழியருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஏது என்ற கேள்வி இன்றைய வாசகர் உள்ளத்தில் எழாமல் இராது. அக்கேள்வி கேட்கத் தக்கதே. ஆயினும், அந்நாளில் பொருள் சேர்த்தவர்கள் பலர். சேர்த்ததை ஆற்றில் போட்டவர் ஒருவர் என்பதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். சுங்கம் தண்டாத பாலம் அது என்பதும் கருதத்தக்கது. அதற்கு மாதிரியாக விளங்கியதாகச் சொல்லப்படும் இலண்டன் வாட்டர்லூ பாலத்தில், கால்நடையாகச் செல்பவரும் காசு கொடுத்துத்தான் கடந்தனர். அந்தச் சுங்கம் நீங்கியது 1878-இல்.

வாட்டர்லூவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் ரென்னி என்னும் பொறியாளர் கருங்கல்லில் ஒன்பது வளைவுகளோடு தேம்சு நதியில் கட்டிய அப்பாலம் 1817 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் ஓவியர்கள் எத்தனையோ முறை அதைத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன பகை அதற்கும் வந்து சேர்ந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த பழைய இலண்டன் பாலத்தை அகற்றியபின் நீரோட்டம் விசை பெற்று வாட்டர்லூவின் தூண்களை அடியில் அரித்தது. 1920-களில் தூண்கள் இறங்கின. வளைவுகள் விரிசல் கண்டன. 1934-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட, புதிய பாலத்தின் வேலையில் பெண்கள் பெருவாரியாக ஈடுபட்டதால் அதனைப் பெண்கள் பாலம் என்று அவ்வூரார் சொல்வதுண்டு. மூல ஓவியம் போய்விட்டது. அதைப் பார்த்து நம் ஆற்றங்கரையில் எழுதிய பிரதி நிற்கிறது.

பிரதியும் துன்பம் படாமல் இல்லை. 1869-இல் வந்த பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியைச் சிதைத்தது. 1871-இல் செப்பனிடப்பட்டது. மாட்டுவண்டிக்கும் குதிரைக்கும் அளவெடுத்த இருபத்தொன்றரை அடி அகலம் பேருந்துக் காலத்துக்குப் போதாமல் போகவே, 1970-இல் அகலப்படுத்தினார்கள். 1992 நவம்பர் வெள்ளம் வந்தது, பாலம் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை நாம் எல்லோரும் பட்டறிந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. திருவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டி நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே காத்துக் கிடந்தார்கள். ஏரலில் உயர்மட்டப் பாலத்தை ஒட்டிய சாலை அடித்துச் செல்லப்பட்டது. கொக்கிரகுளத்துக் கிழவர் மட்டும் கழுத்தளவு நீரில் நின்று வெள்ளத்தை வழியனுப்பி வைத்தார். அவருக்குத் துணையாக அண்மை ஆண்டுகளில் பக்கத்திலேயே இன்னொரு பாலமும் எழுந்திருக்கிறது.

பாலம் கரைகளை இணைத்தது, மக்களை இணைத்ததா? இதில் எனக்கு ஐயம் உண்டு. பாலம் திறந்து பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. 1858 டிசம்பரில், தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கிறித்தவரான ஒருவருடைய சவ ஊர்வலம் திருநெல்வேலிப் பெருவீதி வழியே போகலாமா என்பதில் பெருங்கலகம் மூண்டது. படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. ஆற்றைக் கடக்கத் தடையில்லை, தெருவைக் கடக்கத் தடை. அந்தத் தடைக்குப் பாலம் கட்ட எந்தப் பொறியாளரும் அந்நாளில் வரைபடம் போடவில்லை. பின்னர் 1908 மார்ச்சு 12 அன்று நம் ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். எழுச்சி ஒரு கரையில், சிறைக்கூடம் மறுகரையில். இடையே கிடந்தது முதலியார் பாலம். தோணித்துறைச் சச்சரவைத் தீர்க்க எழுந்த பாலம், அதிகாரம் விரைந்து வருவதற்கும் வழியாயிற்று என்று சொன்னால் அது பாலத்தின் மேல் குற்றம் சாட்டுவதாகாது. வழி என்றால் இருபக்கமும் ஆள் வரும்.

இனி, கரிசல்காரனுக்கு உரிய பகுதி.

சுலோச்சன முதலியாரின் குடும்பம் தொண்டை நாட்டில், திருவள்ளூர்ப் பக்கத்துத் திருமணம் என்ற சிற்றூரைச் சேர்ந்தது என்பர். அவர் தந்தையார் இராமலிங்க முதலியார். கம்பெனிப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக, அக்காலச் சொல்லில் துபாஷியாக, இந்தப் பக்கம் வந்தவர். இந்தப் பெயரை நம் பகுதியில் கூத்துப் பார்த்தவர்களும் கும்மிப்பாட்டுக் கேட்டவர்களும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சூழ்ந்து நின்றபோது, சரணடையுமாறு வீரபாண்டிய கட்டபொம்மனிடம் தூது அனுப்பப்பட்டவர் இராமலிங்க முதலியாரே. எழுத்து வடிவில் உறுதி தந்தாலன்றி வரமுடியாது என்றார் பாளையக்காரர். அது மறுக்கப்பட்டது. உள்ளே போய்த் திரும்பிய தூதர், கோட்டையில் காவல் எவ்வளவு என்பதையும் பார்த்து வந்து சொன்னார். அதன் பேரில் உடனே தாக்குதல் தொடங்கியது. அன்று கோட்டை விழவில்லை. வெள்ளை அதிகாரிகள் சிலரே வீழ்ந்தனர். ஆனால் தொடர்ந்து நடந்தது நாமறிந்ததே. பாளையக்காரர் கோட்டையை விட்டு வெளியேறினார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டு, அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியில் நட்டுவைக்கப்பட்டது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

நாகலாபுரம் வைப்பாற்றுக்கு வடக்கே, பாஞ்சாலங்குறிச்சி தெற்கே. அந்தத் தலை நம் ஆற்றைக் கடந்துதான் போயிருக்கவேண்டும். அன்று பாலம் ஏது? ஆவணிக் கடைசியில் வைப்பாறு பெரும்பாலும் மணல்தான். மணலில் இறங்கி நடந்திருப்பார்கள். இந்த எண்ணம் ஒருமுறை தோன்றிவிட்டபின், நம்மூர்ப் பாலத்தில் போகும்போது கீழே குனிந்து மணலைப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

1801-இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் மே மாதத்தில் வீழ்ந்தது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வர். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே ஆவணங்களில் இருத்தலாகாது என்று கம்பெனியார் ஆணை பிறப்பித்தனர். ஊரின் பெயரை அழிக்க ஆணையிட்ட அதே கம்பெனி, நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அந்த ஊருக்குத் தூது போனவருடைய மகனின் பெயரைப் பாலத்துக்குச் சூட்டிற்று. அழிக்கச் சொன்ன பெயர் அழியவில்லை. பாட்டிலும் கதையிலும் பிழைத்துக் கிடந்து, 1974-இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியபோது கல்லிலும் ஏறியது. சூட்டிய பெயரும் அழியவில்லை.

தந்தை செய்ததற்கு மகன் தேடிய கழுவாய்தான் இப்பாலம் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. கவிஞர்கள் கூடும் அவையில் அத்தகைய வாசகம் கைதட்டலும் பெறும். ஆனால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. சுலோச்சன முதலியார் அவ்வாறு எண்ணினார் என்பதற்குச் சான்றில்லை. அவர் தம் துரைக்கு விசுவாசமான ஊழியர், தந்தையும் அவ்வாறே. இராமலிங்க முதலியார் தம் கூலிக்கு உரிய வேலையைச் செய்தார். தூது போனவர் கண்டதை எசமானிடம் சொல்லாமல் இருந்தால்தான் வியப்பு. நம் கூத்துக்காரர்கள் எட்டப்பனுக்குக் கொடுத்த வசையைத் துபாஷிக்குக் கொடுக்கவில்லை என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பங்காளி செய்வது துரோகம். அயலான் செய்வது தொழில் என்ற கணக்குப் போலும். அதே எட்டயபுரத்து மண்தான் 1882-இல் பாரதியைப் பெற்றது என்பதையும், அவர்தான் கடலுக்குக் குறுக்கேயும் வழி சமைக்கக் கனவு கண்டார் என்பதையும் நினைத்தால், மண்ணின்மேலும் குலத்தின்மேலும் பழியை ஏற்றிவைக்கும் பழக்கம் நம்மைவிட்டுத் தானே நழுவும்.

பழந்தமிழ்ப் புலவர்கள் ஆற்றைக் கடப்பதைப் பாடியபோதெல்லாம் ஓடத்தையும் புணையையுமே பாடினார்கள். கோவலனும் கண்ணகியும் வைகையைக் கடந்தது புணையில். கங்கையைக் கடக்க இராமனுக்குக் கிடைத்தது குகனின் நாவாய். பாலம் என்று பாடியதெல்லாம் பெரும்பாலும் கடல்மேல் கட்டிய சேதுவையே. காரணம் இருக்கிறது. ஓடத்தில் ஓட்டுகிறவன் முகம் தெரியும். அவனோடு பேசலாம், நன்றி பாராட்டலாம், கட்டித் தழுவித் தம்பி என்றும் சொல்லலாம். பாலத்தில் அது இல்லை. நடந்து போகிறவனுக்குக் கட்டினவன் முகம் தெரியாது. பதினொரு வளைவுக்கும் சாரம் கட்டியவர், நடுக்கல்லை இறக்கியவர், சுண்ணாம்பு அரைத்தவர், தலைச்சுமையாய்க் கல் சுமந்த பெண்டிர், இவர்களுள் ஒருவர் பெயரும் நாம் சொல்லும் கதையில் இல்லை. கலெக்டர் பெயர் உண்டு, பொறியாளர் பெயர் உண்டு, பணம் தந்தவர் பெயர் உண்டு, நகை தந்த அம்மையார் பெயரும் உண்டு. நம் வட்டத்துக் கவிஞர்களுள் யாரேனும் இதனை எடுத்துப் பாடுவாராயின், அந்த நடுக்கல் இறங்கிய நாளிலிருந்து தொடங்கட்டும் என்பது என் விண்ணப்பம்.

எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த ஆண்டொன்றில், நானும் என் பெரியப்பாவும் கொக்கிரகுளத்துக்கு மனு கொண்டு போனோம். பெரியப்பா குறுக்குச்சாலைப் பக்கத்தில் பெண்ணெடுத்தவர். கட்டபொம்மன் கதையை இரவு முழுதும் சொல்லக் கூடியவர். சந்திப்பில் இறங்கி, பேருந்துக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் நடந்தே வந்தோம். அப்போது பள்ளிப் புத்தகத்தில் படித்த பெருமையில், இந்தப் பாலத்துக்கு என்ன பெயர் தெரியுமா என்று அவரைக் கேட்டு, நானே பெயரையும் சொல்லி, துபாஷியின் மகன் என்பதையும் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். வாயில் வெற்றிலை இருந்தது. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி ஆற்றைப் பார்த்தார். கீழே தண்ணீர் ஓடிற்று. எங்கள் பக்கம் குடிக்கவே தண்ணீர் இல்லாத அந்தக் கோடையில், அங்கே பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன.

சற்று நேரம் பார்த்தார். பிறகு, “பேரு கெடக்கட்டும்யா. வேல சுத்தமா இருக்கு” என்றார்.

வெற்றிலையை அங்கே துப்பவில்லை. மறுகரை வந்து, சாலையோரத்து மண்ணில் துப்பிவிட்டு, மடியிலிருந்த மனு நனையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். மழை பெய்து மாதங்கள் பல ஆகியிருந்தன. நனைவதற்கு அவருடைய வியர்வை மட்டுமே இருந்தது.